முப்பத்தொன்றாம் கேமராவின் கருப்புக் கட்டம்

கட்டுப்பாட்டு அறைக்குப் புதிதாக வந்திருக்கும் நான்கு பேருக்கும் ஏதாவது எழுதித் தர முடியுமா என்று கேட்டிருந்தார்கள். கருவிகளை இயக்குவது எப்படி என்பதற்குக் கையேடு இருக்கிறது. அதை எழுதியவனும் நான்தான். அதில் பிழை குறைவு. இது கையேட்டில் இல்லாத ஒன்றைப் பற்றியது.

பணிக்காலத்தில் நான் சொன்ன பொய்களில் பெரும்பாலானவை விடுப்பு விண்ணப்பங்களில் இருக்கின்றன. அவற்றால் யாருக்கும் தீங்கு நேர்ந்ததாகத் தெரியவில்லை. ஒரு பொய்யை மட்டும் ஆற்றங்கரையில் நின்று, எதிரே நின்ற பெண்ணின் முகத்தைப் பார்த்துச் சொன்னேன். அதைத்தான் எழுதப்போகிறேன். நாள்தோறும் நோட்டில் எழுதிவைக்கும் பழக்கம் எனக்கு உண்டு. கீழே வரும் நேரங்கள் அந்த நோட்டிலிருந்து எடுத்தவை.

மாவட்டத்தின் மேற்கே, ரப்பர் தோட்டங்களுக்கு நடுவில் ஆறு வளைகிற இடத்தில் ஒரு கடவு இருக்கிறது. உங்களில் இருவர் மதுரைப் பக்கம் என்று கேள்விப்பட்டேன். கடவு என்றால் ஆற்றில் குளிக்க இறங்கும் படித்துறை. அது பெண்களின் கடவு. அதற்குச் சற்றுக் கீழே இருசக்கர வண்டி மட்டும் போகும் ஒரு குறுகிய பாலம். மேலே அணையில் ஷட்டரைத் திறந்தால் முக்கால் மணி நேரத்தில் இங்கே தண்ணீர் ஏறும். வெளியூரிலிருந்து வந்த இருவர் அப்படி ஏறிய தண்ணீரில் போனபிறகு, அந்த இடத்தில் ஒரு சங்கும் ஒரு கேமராவும் வைக்க உத்தரவு வந்தது. தண்ணீர் அளவுக்கான கோடுகள் கடவின் பக்கத்துக் கல்லில் ஏற்கெனவே வரையப்பட்டிருந்தன. கல்லைப் பார்க்கும்படி கேமராவை வைத்தோம். கல்லுக்குப் பின்னால் படி இருந்தது. படியில் பெண்கள் குளித்துக்கொண்டிருந்தார்கள்.

கேமராவுக்கு முப்பத்தொன்று என்று எண் கொடுத்தோம். நாகர்கோவிலில் உட்கார்ந்து கோட்டைப் பார்ப்பது எங்கள் வேலை. மூன்றாவது கோட்டைத் தண்ணீர் தொட்டால் இங்கிருந்தே பொத்தானை அழுத்துவோம், அங்கே சங்கு ஊதும்.

கேமரா வேலை செய்யத் தொடங்கிய இரண்டாம் நாள் நோட்டில் இப்படி எழுதியிருக்கிறேன்: "31: நீலத்தில் வெள்ளைப் பூ. நீர்மட்டம் தெரியவில்லை." மூன்றாம் நாள்: "அதே." நான்காம் நாள்: "அதே. காய்ந்துவிட்டது." யாரோ நீளக் கம்பால் ஈரப் பாவாடை ஒன்றைத் தூக்கிக் கேமராவின் மேல் போட்டிருந்தார்கள்.

எங்கள் அறைக்குப் பொறுப்பாக இருந்த அதிகாரியிடம் சொன்னேன். அவர் பெயர் இங்கே வேண்டாம். கேமராவிலேயே படி வரும் பகுதியைக் கருப்புக் கட்டமாக அடைத்துவிடலாம், அதன்பின் அந்தப் பகுதி பதிவாகவே ஆகாது என்று விளக்கினேன். அவர் டீயைக் குடித்து முடித்தார்.

"ஓய், கேமராவுக்குள்ளயே கருப்பப் போட்டா அங்க ஒண்ணும் பதியாதுல்லா?"

"பதியாது சார்."

"நாளைக்கு அதே படியில ஒருத்தி போயிட்டான்னு வையும். மேல இருந்து கேப்பான், படம் எங்கவேன்னு. கருப்பு இருக்கு சார்னு காட்டுவீரா?"

காலி டம்ளரை மேசையில் வைத்தார்.

"நம்ம திரையில மட்டும் கருப்பப் போடும். அடியில படம் பாட்டுக்கு ஓடட்டும். முப்பது நாளுல அதுவே அழிஞ்சு போவும். யாருக்குத் தெரியப் போவுது?"

அவர் கேட்டது முட்டாள்தனமான கேள்வி அல்ல. இதைக் குறித்துக்கொள்ளுங்கள். இந்த வேலையில் உங்களிடம் வரும் தவறான உத்தரவுகளில் பெரும்பாலானவற்றுக்குச் சரியான காரணம் ஒன்று இருக்கும். திரையில் மட்டும் கருப்புக் கட்டத்தைப் போட்டேன். அதற்கு ஆறு நிமிடம் ஆயிற்று.

மறுநாள் காலை பத்தரைக்குக் கடவுக்குப் போனேன். ஆண்கள் படிக்கு மேலேயே நிற்க வேண்டும் என்பது அங்குள்ள நடைமுறை, நின்றேன். அங்கே குளிக்கும் பெண்கள் பன்னிரண்டு பேர், எல்லாரும் ரப்பர் பால் வெட்டுகிறவர்கள். விடியும் முன்பே தோட்டத்துக்குப் போய், பால் எடுத்துக் கொடுத்துவிட்டு, பத்து மணிக்குக் கடவுக்கு வருவார்கள். அந்தப் பால் வாடையோடு வீட்டுக்குள் போக முடியாது. குளித்து முடித்து உடுத்திக்கொண்டு மேலே வந்தார்கள். அவர்களுக்காகப் பேசியவர் ரோஸ்லெட், நாற்பத்தைந்து வயது இருக்கும்.

"சாரே, நிங்க நாகர்கோயில்ல இருந்து எங்க குளியப் பாக்கதுக்கா சர்க்காரு சம்பளம் தருது?"

"வெள்ளம் ஏறுதான்னு பாக்குதோம்மா."

"வெள்ளத்தப் பாருங்க. வெள்ளத்துக்க உள்ள நிக்கியது நாங்களாக்கும்."

பின்னாலிருந்து ஒரு குரல்: "ஏட்டி ரோஸ்லெட்டு, சாரு வெயில்ல நிக்காரு. அந்தப் பாவாடைய எடுத்துத் தலையில போட்டுக் குடு."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்திருக்கலாம், நோட்டில் அது இல்லை.

கையில் கொண்டுபோயிருந்த டேப்லெட்டை ரோஸ்லெட்டிடம் காட்டினேன். கம்பால் பாவாடையை எடுத்ததும் படம் தெரிந்தது. அளவுக்கல், ஆறு, அக்கரைத் தாழம்புதர், பாலத்தின் ஒரு முனை. படியும் ஆற்றின் நடுப்பாறையும் இருக்க வேண்டிய இடத்தில் கருப்புக் கட்டம். அவர் ஒரு பெண்ணைப் படியில் இறங்கி நிற்கச் சொல்லிப் பார்த்தார். தெரியவில்லை. இரண்டு படி இறங்கச் சொல்லிப் பார்த்தார். தெரியவில்லை.

"இந்தக் கருப்புக்க உள்ள என்ன இருக்கு?"

"ஒண்ணும் இல்ல."

"பின்ன எடுத்துப் பாக்க ஒக்காதா?"

"அங்க ஒண்ணும் பதியவே இல்லம்மா. இல்லாதத எப்படிப் பாக்க?"

அவர் பாவாடையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"செரி. நிங்க நேருல வந்து பறஞ்சீங்க. அது போரும்."

என் தொலைபேசி எண்ணைக் கேட்டு வாங்கினார். அதன்பின் ஐந்து மாதங்கள் முப்பத்தொன்றாம் கேமராவில் எந்தத் துணியும் விழவில்லை. கோடு தெளிவாகத் தெரிந்தது. அந்தக் காலத்தில் நான்கு முறை சங்கு ஊதினோம், நான்கு முறையும் எல்லாரும் கரையேறினார்கள். மாதாந்திர அறிக்கையில் முப்பத்தொன்றுக்கு நேரே "குறைபாடு இல்லை" என்று எழுதினேன்.

ஐந்தாவது முறை ஒரு செவ்வாய்க்கிழமை. மலையில் மழை. காலை 10.12-க்குத் தண்ணீர் மூன்றாம் கோட்டைத் தொட்டது, சங்கு ஊதினேன். 10.31-க்கு என் கைபேசி அடித்தது.

"சாரே, ரோஸ்லெட்டாக்கும். அனிஷாவக் காணல. எங்க கூட வெட்டுக்கு வார பிள்ளை. சங்கு கேட்டு எல்லாரும் கேறியாச்சு, மேல வந்து எண்ணிப் பாத்தா பதினொண்ணு."

"வீட்டுக்குப் போயிருப்பாளா?"

"ஒருத்தி தோட்டத்து வழியா போனத கண்டேங்கா. அவளுக்க பக்கெட்டு இங்க கெடக்கு. அண்ணன்காரன் வீட்டுக்கு ஓடியிருக்கான். தீயணைப்புக்குச் சொல்லியாச்சு, வந்துட்டு இருக்கினும். சாரே, நிங்களுக்க கேமராவுல ஏதெங்கிலும்..."

அவரே நிறுத்திக்கொண்டார்.

"இல்ல, அங்க கருப்பாக்கும் இல்லியா. மறந்து போச்சு. செரி, வைக்கேன்."

வைத்துவிட்டார்.

நோட்டில் அடுத்த வரி 10.35. இடையில் நான்கு நிமிடம். அந்த நான்கு நிமிடம் நான் என்ன செய்தேன் என்று விசாரணையிலும் கேட்டார்கள். ஒன்றும் செய்யவில்லை. கை மௌஸின் மேல் இருந்தது. கருப்பை எடுத்தால் இருபத்து மூன்று நிமிடத்துக்கு முன் படியில் நடந்தது அத்தனையும் தெரியும் என்று எனக்குத் தெரியும். பெண்கள் குளிப்பதைப் பார்க்கலாமா என்று நான் தயங்கினேன் என்று நினைத்துவிடாதீர்கள். அப்படித் தயங்கியிருந்தால் இதை எழுதுவது சுலபமாக இருந்திருக்கும். பார்த்துச் சொன்னால் படம் இருந்தது ரோஸ்லெட்டுக்குத் தெரிந்துவிடும் என்றுதான் தயங்கினேன். பத்தொன்பது வயதுப் பெண் ஆற்றில் இருந்திருக்கலாம், நான் என் வார்த்தையைக் காப்பாற்றிக்கொண்டிருந்தேன்.

10.35-க்குக் கருப்பை எடுத்தேன்.

பார்த்ததில் உங்களுக்குத் தேவையானது இவ்வளவு. சங்கு ஊதியதும் பதினொரு பேர் மேல்நோக்கிப் போகிறார்கள். ஒருத்தி மட்டும் எதிர்த்திசையில் நடுப்பாறைக்கு நீந்துகிறாள். பாறையில் துணி காய்ந்துகொண்டிருக்கிறது. அவள் துணியை எடுத்துத் தலையில் சுற்றித் திரும்பும்போது பாறைக்கும் படிக்கும் இடையில் தண்ணீர் வேகமெடுத்துவிடுகிறது. இறங்குகிறாள். ஆறு அவளை அக்கரைப் பக்கம் தள்ளுகிறது. தாழம்புதருக்குள் ஒரு கை தெரிகிறது. பிறகு தெரியவில்லை. தாழம்புதரின் அந்த ஓரமும் கருப்புக் கட்டத்துக்குள்தான் இருந்தது. கட்டத்தைச் சற்றுத் தாராளமாகவே வரைந்திருந்தேன்.

ரோஸ்லெட்டை அழைத்தேன்.

"அக்கரையில, தாழைக்க உள்ள. நடுப்பாறைக்கு நேர கீழ, இருபதடி இருக்கும். வேரப் பிடிச்சிருக்கணும்."

"நிங்களுக்கு எப்படித் தெரியும்?"

"பாத்தேன்."

"அக்கரையில, அக்கரையில" என்று அவர் அங்கே யாரிடமோ கத்துவது கேட்டது.

தீயணைப்பு வண்டி அக்கரைக்குப் பிரியும் சாலையைத் தாண்டி, இக்கரைக்கு வந்துகொண்டிருந்தது. தாண்டியது 10.33-க்கு. அது இக்கரையில் திரும்ப இடமின்றி, இன்னும் கீழே உள்ள பெரிய பாலம் வரை போய்ச் சுற்றி வர வேண்டியதாயிற்று. அதனால் பதினைந்து நிமிடம். 11.10-க்குக் கயிறு கட்டி இறங்கி அவளை எடுத்தார்கள். உயிர் இருந்தது. வலது தோள் மூட்டு விலகியிருந்தது, ஒரு கையால் மட்டும் வேரைப் பிடித்திருந்தாள். கடைசிப் பதினைந்து நிமிடத்தில் விலகியதா, முன்பே விலகியதா என்று மருத்துவர் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை.

அன்று மாலை அதிகாரி என் மேசைக்கு வந்து முதுகில் தட்டினார். "பாத்தீரா? அன்னைக்கே சொன்னம்லா. அடியில படம் ஓடினதால ஒரு உசுரு கெடச்சுது." அவர் சொன்னது உண்மை. அதை மறுக்க என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை, இப்போதும் இல்லை.

வியாழக்கிழமை காலை ரோஸ்லெட் இரண்டு பேருந்து மாறி நாகர்கோவிலுக்கு வந்தார். வாசலில் இருந்த காவலரிடம் என் பெயரைச் சொல்லியிருக்கிறார். உள்ளே அழைத்து நாற்காலி கொடுத்தேன். உட்காரவில்லை.

"அனிஷா எப்படி இருக்கா?"

"கெடக்கா. கஞ்சி குடிச்சா. நிங்க பாத்துச் சொன்னதுனால பிள்ளை கெடச்சா. அதுக்கு அவளுக்க அம்மை நன்றி சொல்லச் சொன்னா. சொல்லியாச்சு."

"செரிம்மா."

"கருப்புக்க உள்ள ஒண்ணும் இல்லன்னு பறஞ்சீங்க."

"சொன்னேன்."

"இருந்துது."

"இருந்துச்சு."

"இதுக்கு முன்ன யாரு பாத்தா?"

"யாரும் பாக்கலம்மா."

இந்தப் பதிலைச் சொன்னபோது நான் பொய் சொல்வதாக நினைக்கவில்லை. யாரும் பார்த்திருக்க மாட்டார்கள் என்று நம்பினேன். எனக்குத் தெரியாத ஒன்றைத் தெரிந்ததுபோலச் சொன்னேன், அவ்வளவுதான். ரோஸ்லெட்டுக்கு இரண்டுக்கும் வேறுபாடு தெரியவில்லை. இப்போது எனக்கும் தெரியவில்லை.

"நிங்களுக்க இந்தப் பெட்டி எல்லாத்தையும் எழுதி வைக்குமே. யாரு பாத்தாங்கன்னு எழுதாதா?"

எழுதும். எந்தப் பதிவை, யார், எத்தனை மணிக்குத் திறந்தார் என்பதெல்லாம் அதில் இருக்கும். ஐந்து மாதத்தில் நான் ஒருமுறைகூட அதைத் திறந்து பார்த்ததில்லை. அவர் முன்னாலேயே திறந்தேன். முப்பத்தொன்றாம் கேமரா, கருப்பு நீக்கிப் பார்க்கப்பட்ட பதிவுகள்: ஒன்பது வரிகள். கடைசி வரி செவ்வாய்க்கிழமை 10.35. மற்ற எட்டும் அதற்கு முந்தையவை. எட்டும் காலை பத்திலிருந்து பதினொன்றுக்குள் பதிவாகி, அதே நேரத்திலேயே திறக்கப்பட்ட படங்கள்.

ஒன்பது வரிக்கும் நேரே என் பெயர் இருந்தது.

இது எப்படி நடந்தது என்பதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் நாளைக்கே நீங்களும் செய்வீர்கள். காலை ஆறு மணிக்கு முதலில் வருகிறவன் நான். என் பெயரில் கணினியைத் திறப்பேன், நான் விடுப்பில் இருந்தால் மற்றவர்கள் என் கடவுச்சொல்லைப் போட்டுத் திறப்பார்கள். ஒருவர் வெளியேறி இன்னொருவர் தன் பெயரில் நுழைந்தால் எல்லாத் திரையும் மீண்டும் வர பதினோரு நிமிடம் ஆகும். பதினோரு நிமிடம் நாற்பது கேமராவும் இருட்டாக இருக்கும். அதனால் யாரும் வெளியேறுவதில்லை. நாள் முழுவதும் அறையில் இருக்கும் நான்கு பேரும் என் பெயரிலேயே பார்த்தோம். அதை நான்தான் நடைமுறையாக்கினேன், பொதுமக்கள் பாதுகாப்பைக் கருதி.

அறையில் அப்போது என்னைத் தவிர மற்ற மூவரும் இருந்தார்கள். மூவரும் தங்கள் திரைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவ்வளவு கவனமாக அவர்கள் திரையைப் பார்த்து நான் அதற்கு முன் கண்டதில்லை.

ரோஸ்லெட் தமிழும் படிப்பார், ஆங்கில எழுத்தும் கூட்டி வாசிப்பார். என் பெயரை வாசித்தார். ஒன்பது முறையும் விரலை வைத்து வாசித்தார்.

"இது நிங்களுக்க பேரு."

"பேரு என்னோடது. ஆனா நான் பாக்கல. கடைசி ஒண்ணுதான் நான்."

மேசை இழுப்பறையிலிருந்து நோட்டை எடுத்தேன். எட்டுத் தேதிகளையும் புரட்டிக் காட்டினேன். இரண்டு நாள் விடுப்பு. மூன்று நாள் அந்த நேரத்தில் ஆட்சியர் அலுவலகத்தில் கூட்டம். மூன்று நாள் "10.20 டீ, 10.45 திரும்பினேன்" என்று இருந்தது. ஒவ்வொன்றையும் அவர் பொறுமையாகப் பார்த்தார்.

"கொள்ளாம். எல்லாம் எழுதி வச்சிருக்கீங்க. இந்த நோட்டு யாரு எழுதினது?"

"நான்தான்."

"செரி."

அதற்கு மேல் நோட்டைப் பார்க்கவில்லை. நான் மூடினேன்.

"வீட்டுல போயி நான் என்ன சொல்ல? எட்டு மட்டம் பாத்திருக்கு, ஆரு பாத்ததுன்னு தெரியாதுன்னா? அந்த எட்டு நாளும் யாரு யாரு கடவுல நின்னுதுன்னு எங்களுக்குக் கணக்கு இல்ல. அதுனால பன்னெண்டு பேரும் நாந்தான்னு நெனப்போம். விளங்குதா?"

விளங்கியது என்றேன். மூன்று திரைகளுக்கு முன்னும் யாரும் அசையவில்லை.

அவர் போனதும் அதிகாரி என்னை அழைத்தார்.

"அந்தப் பொம்பளைக்குப் பதிவ எதுக்குவே காட்டினீரு?"

"கேட்டாங்க சார்."

"கேட்டா காட்டிருவீரா? உசுரக் காப்பாத்தின கதைல்லா அது. இனி என்ன கதையாக்கும்?"

அன்று பிற்பகல் நடந்தவை அனைத்தையும், திரையில் மட்டும் கருப்புப் போட்டதையும் நான் சொன்ன பொய்யையும் சேர்த்து, நான்கு பக்கம் எழுதி மேலே அனுப்பினேன். அதிகாரியின் வழியாகத்தான் அனுப்ப வேண்டும், அனுப்பினார். அதற்காக அவரை மதிக்கிறேன். ஒவ்வொருவரும் தனித்தனிப் பெயரில் நுழைய வேண்டும் என்ற உத்தரவு ஒரு வாரத்தில் வந்தது. நீங்கள் காலையில் காத்திருக்கும் பதினோரு நிமிடம் அப்படி வந்ததுதான்.

மறுவாரம் ரோஸ்லெட் தொலைபேசியில் கூப்பிட்டார். கேமராவை என்ன செய்வது என்று அவர்கள் பேசி முடிவெடுத்துவிட்டதாகவும், வந்து கேட்டுக்கொள்ளும்படியும் சொன்னார். போனேன், மேலேயே நின்றேன். அனிஷாவும் வந்திருந்தாள், கையைக் கழுத்திலிருந்து தூக்கிக் கட்டியிருந்தார்கள். எனக்கு ஒரு கேள்வி இருந்தது.

"சங்கு கேட்டப்புறம் பாறைக்கு எதுக்குப் போன?"

அவள் பாலத்தைக் காட்டினாள். "சங்கு அடிச்சா உடனே வெள்ளம் பாக்க ஆம்பிளையளு எல்லாம் ஓடி வந்து அதுல நிப்பினும் சார். முப்பது பேரு நிப்பினும், போன வேற தூக்கிப் பிடிச்சுக்கிட்டு. அவனுவளுக்கு முன்ன ஈரப் பாவாடையோட கேறவா? துணி பாறையில கெடந்துது. எடுக்கப் போனேன்."

பாலத்தின் முனை எங்கள் படத்தில் ஐந்து மாதமாக இருந்தது. சங்கு ஊதிய நான்கு முறையும் அதில் ஆட்கள் கூடியதைப் பார்த்திருக்கிறேன். ஒருமுறை நோட்டிலும் எழுதியிருக்கிறேன்: "பாலத்தில் கூட்டம். போக்குவரத்துக்கு இடையூறு இல்லை."

ரோஸ்லெட் முடிவைச் சொன்னார். தண்ணீர்க் கோட்டைப் பாலத்தின் தூணில் வரைய வேண்டும். கேமராவைத் தூணைப் பார்த்துத் திருப்ப வேண்டும். படிக்கு மேலே நான்கு தகரம் அடித்து ஒரு மறைப்புக் கட்டித் தர வேண்டும், சங்கு அடித்தால் துணியைத் தேடி ஓடாமல் அதற்குள் போய் நிற்க.

"கேமராவத் திருப்பிட்டா கடவு தெரியாதே. இன்னொருத்தி போனா நாங்க பாக்க முடியாது" என்றேன். அது அச்சுறுத்தல் அல்ல. சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விட்டதுதான் போன முறை செய்த தவறு.

அனிஷாவின் அம்மா அங்கே இருந்தார். எல்லாரும் அவரைப் பார்த்தார்கள்.

"தெரியும்" என்றார் அவர். "எனக்குத் தெரியாதா? நான் எனக்க பிள்ளைய வச்சுத்தான் நிக்கேன். திருப்பிருங்க."

"இனி கேறிட்டு எண்ணுத இல்ல," என்றார் ரோஸ்லெட். "எண்ணிட்டுத்தான் கேறுவோம்."

தூணில் கோடு வரைய ஒரு ஆள், அரை நாள். தகரத்துக்கு அனுமதி வர ஏழு வாரம். அதுவரை அவர்களே நான்கு தார்ப்பாயைக் கட்டிக்கொண்டார்கள். தூணில் கோடு முன்பைவிடத் தெளிவாகத் தெரிந்தது. முதலிலேயே அங்கே வரைந்திருக்கலாம். எங்கே வரையலாம் என்று யாரையும் நாங்கள் கேட்கவில்லை.

மூன்றாம் மாதம் விசாரணை. வெளி மாவட்டத்திலிருந்து ஓர் அதிகாரி வந்தார். அறையில் இருந்த நான்கு பேரும் எழுத்தில் பதில் கொடுத்தோம். அந்த எட்டுப் பதிவுகளை நான் பார்க்கவில்லை என்று நான்கு கடிதங்களிலும் இருந்தது. மற்ற மூவரில் ஒருவராவது பொய் சொல்கிறார் என்று எனக்குத் தெரியும். ஆனால் கடிதங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் என்னுடையதும் மற்றவற்றைப் போலத்தான் இருந்தது. என்னுடையதற்கு எதிராகக் கூடுதலாக ஒரு சான்றும் இருந்தது, என் பெயர். யார் பார்த்தார் என்று இன்றுவரை முடிவாகவில்லை. மூவரில் இருவர் இன்னும் அந்த அறையில்தான் இருக்கிறார்கள். அவர்களிடம் பழக வேண்டியது நீங்கள். அதனால் இதற்கு மேல் எழுதவில்லை.

ரோஸ்லெட்டையும் வரச் சொல்லியிருந்தார்கள். விசாரணை அதிகாரி நல்லவிதமாகவே கேட்டார். இவர்தான் பார்த்தார் என்று நினைக்கிறீர்களா? அல்லது, ஒரு உயிரைக் காப்பாற்றியவர், அப்படிச் செய்திருக்க மாட்டார் என்று நினைக்கிறீர்களா? இரண்டில் ஒன்றை அவர் சொன்னால் கோப்பு முடிந்துவிடும். நான் எதிரே உட்கார்ந்திருந்தேன். இரண்டாவதைச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். எதிர்பார்க்கவில்லை என்று எழுதினால் இதிலும் ஒரு பொய் சேரும்.

"நினைக்கியத எழுதாதீங்க சாரே," என்றார் ரோஸ்லெட். "தெரிஞ்சத மட்டும் எழுதுங்க. நான் பறயேன்."

அவர் சொன்னதை எழுத்தர் எழுத்துத் தமிழில் மாற்றி எழுதினார். நகல் என்னிடம் இருக்கிறது:

"அவர் அந்தப் படங்களைப் பார்த்தாரா இல்லையா என்று எனக்குத் தெரியாது. எங்களிடம் பொய் சொன்னார் என்று தெரியும். பிள்ளை இருந்த இடத்தைச் சொன்னதும் அவர்தான். மூன்றையும் எழுத வேண்டும். ஒன்றை விட்டால் மற்ற இரண்டையும் விட்டுவிடுங்கள்."

வாசித்துக் காட்டினார்கள். சரி என்று அவர் கையெழுத்துப் போட்டார். பிறகு தாள் என் பக்கம் வந்தது. வாக்குமூலத்தில் எனக்கு ஆட்சேபம் ஏதும் உண்டா என்று எழுதக் கீழே இரண்டு வரி விட்டிருந்தார்கள். ஒரு வரி போதுமானதாக இருந்தது. "இல்லை" என்று எழுதி, தேதி போட்டு, கையெழுத்திட்டேன்.